இரத்தம் குறைந்ததா, கூடியதா? இதயம் பலவீனமான அப்பாவுக்காக ஒரு மகள் கேட்ட கேள்வி

திருகோணமலை உப்புவெளிப் பக்கமிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 68. 2019 இல் மாரடைப்பு வந்து உயிர் தப்பியவர். அதன் பின் இதயம் இரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்து, ஒரு துடிப்பில் இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு 30 சதவீதம் என்று எக்கோ பரிசோதனையில் எழுதியிருக்கிறார்கள். மாதந்தோறும் கிளினிக்குக்குப் போகிறார். ஃபுரோஸமைட் என்ற நீர்க்குளிசை, ஸ்பைரோனோலக்டோன், அஸ்பிரின் ஆகியவற்றோடு வேறு இரண்டு குளிசைகளும் எடுக்கிறார். மூன்று மாதத்துக்கு முன் 12.4 ஆக இருந்த ஹீமோகுளோபின் இப்போது 10.3 என்று வந்திருக்கிறது. அறிக்கையைப் பார்த்த பெரியம்மா, "இரத்தம் வற்றிப் போச்சு" என்று சொல்லி பீற்றூட்டும் ஈரலும் இரும்புச்சத்து டொனிக்கும் கொடுக்கத் தொடங்கினார். கிளினிக் வைத்தியரோ, "உடம்பில் இரத்தக் கனவளவு கூடியிருக்கிறது" என்று சொல்லி நீர்க்குளிசையைக் கூட்டச் சொன்னார். இதற்கிடையில், சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கிரியாற்றினின் 1.2 இலிருந்து 1.5 ஆகியிருந்ததால், நீர்க்குளிசை சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்று அயலவர் பயமுறுத்த, வீட்டிலேயே முடிவெடுத்துக் குளிசையைக் கூட்டாமல் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்காகப் பாமசியில் வாங்கிய டைக்ளோஃபெனாக் குளிசையும் இரண்டு வாரமாக நடக்கிறது. வழமையாக 61 கிலோ நிறையுள்ளவர் ஒன்பது நாளில் 64.5 கிலோ ஆகியிருக்கிறார். மூச்சு முட்டாமல் படுக்க இரவில் இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது. கனடாவிலிருக்கும் தம்பி, தனியார் வைத்தியசாலையில் இரண்டு பை இரத்தம் ஏற்றுங்கள், தேவையானால் நானே வந்து தருகிறேன் என்று தினமும் அழைக்கிறார்.

அவர் கேட்பது இதுதான்: "ஒருவர் இரத்தம் குறைவு என்கிறார், மற்றவர் இரத்தம் கூட என்கிறார். யாரை நம்புவது? இரத்தம் ஏற்றலாமா? நீர்க்குளிசையை நிறுத்தலாமா?"

சகோதரி, ஒன்பது நாளில் 3.5 கிலோ கூடியதும், படுத்தால் மூச்சு முட்டுவதும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கும் விடயங்கள் அல்ல. அதனால் இந்தப் பதில் வெளிவருவதற்கு முன்பே, அப்பாவை அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகும்படியும், டைக்ளோஃபெனாக்கை அன்றே நிறுத்தும்படியும் உங்களுக்குத் தனியாக எழுதினேன். இங்கே அதன் காரணங்களைச் சொல்கிறேன். உங்கள் குழப்பம் உங்களுடையது மட்டுமல்ல. கிளினிக் வாங்கில் காத்திருக்கும் பல குடும்பங்களுடையது.

பெரியம்மாவும் வைத்தியரும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசியதுபோல உங்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் இருவரும் இரண்டு வேறு அளவுகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 10.3 என்றால், ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில், அதாவது நூறு மில்லிலீற்றரில், செங்குழியங்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம் 10.3 கிராம் இருக்கிறது என்று பொருள். அது ஒரு விகிதம். உடம்பில் மொத்தம் எத்தனை லீற்றர் இரத்தம் ஓடுகிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஒரு படி பாலில் அரைப்படி தண்ணீரை ஊற்றினால் பால் ஐதாகிவிடுகிறது. ஆனால் மாட்டிலிருந்து கறந்த பால் ஒரு துளியும் குறையவில்லை, பாத்திரத்தில் இருப்பதோ முன்னையதைவிடக் கூட. அப்பாவின் இரத்தத்துக்கும் இதுவே நடந்திருக்கக்கூடும்.

இதை அவருடைய எண்களையே வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வளர்ந்த ஒருவருடைய உடலில் ஒரு கிலோ நிறைக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கும். 61 கிலோவுக்கு அது ஏறக்குறைய 4.3 லீற்றர். அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானது பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி. மிகுதியில் பெரும்பகுதி செங்குழியங்கள். ஒன்பது நாளில் கூடிய 3.5 கிலோ சதையுமல்ல, கொழுப்புமல்ல, உப்பும் நீரும்தான். இப்படித் தேங்கும் நீரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இரத்தக் குழாய்களுக்குள் நிற்கும், மிகுதி காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் இழையங்களுக்கிடையில் ஊறி நிற்கும். ஆகவே குழாய்களுக்குள் 0.9 லீற்றர் அளவு கூடி, 4.3 லீற்றர் 5.2 லீற்றராகியிருக்கும். செங்குழியம் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தாலும், 12.4 என்ற ஹீமோகுளோபின் இந்த ஐதாக்கலால் மட்டும் 10.3 அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் கையில் இருக்கும் அறிக்கையின் எண்ணும் அதுவேதான்.

இது வீட்டுக் கணக்கு. ஆய்வுகூட அளவீடு அல்ல. நிறை கூடுவதற்கு முன்பே செங்குழியம் கொஞ்சம் குறைந்திருக்கவும் கூடும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து இரத்தம் வற்றிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது என்பதைக் காட்ட இந்தக் கணக்குப் போதும்.

சிறுநீரகம் ஏன் நீரைப் பிடித்து வைக்கிறது

பலவீனமான இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் குறைவான இரத்தத்தையே நாடிகளுக்குள் தள்ளுகிறது. சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. அது ஏன் குறைகிறது என்று அறியும் வழி சிறுநீரகத்துக்கு இல்லை. வெட்டுக்காயத்தில் இரத்தம் போனவருக்கும், வாந்தியிலும் வயிற்றோட்டத்திலும் நீர் வற்றியவருக்கும் எதைச் செய்யுமோ அதையே உங்கள் அப்பாவுக்கும் செய்கிறது. ரெனின் சுரக்கிறது, அதைத் தொடர்ந்து அஞ்சியோடென்சின், அல்டொஸ்தெரோன், வாசோபிரெசின் ஆகிய ஓமோன்கள் எழுந்து, சோடியத்தையும் நீரையும் வெளியே விடாமல் தடுத்துவிடுகின்றன. இரத்தக் கனவளவு கூடுகிறது. தொடக்கத்தில் இது இதயத்துக்கு உதவியாகத்தான் இருக்கும். நாளாக ஆக, தள்ள முடியாத சுமையை இன்னும் ஏற்றுவதாகிவிடுகிறது. அப்பா எடுக்கும் ஸ்பைரோனோலக்டோன் இந்தச் சங்கிலியில் அல்டொஸ்தெரோனின் வேலையைத் தடுப்பது. ஃபுரோஸமைட் சிறுநீரகத்திலிருந்து உப்பை வெளியேற்ற, அந்த உப்போடு நீரும் போகிறது.

டைக்ளோஃபெனாக்கை நான் உடனே நிறுத்தச் சொன்னதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. அந்த வகை வலிக்குளிசைகள் சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தத்தைக் குறைத்து, உப்பைப் பிடித்து வைக்கச் செய்து, நீர்க்குளிசையின் பலனையும் மழுக்கிவிடும். நீர்க்குளிசை பாதியாகக் குறைந்ததும், டைக்ளோஃபெனாக் சேர்ந்ததும் ஒரே காலத்தில் நடந்திருக்கிறது. கிரியாற்றினின் ஏறியதற்கு நீர்க்குளிசையைக் குற்றம் சொன்ன அயலவர், இந்த வலிக்குளிசையைக் கணக்கில் எடுக்கவில்லை. முழங்கால் வலிக்குப் பனடோல் போதுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். ஆனால் தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் வகை வேண்டாம். அதில் சோடியம் நிறைய இருக்கிறது.

இரத்தம் ஏற்றுவது பற்றி

ஒரு பை செங்குழியம் ஏறத்தாழ 300 மில்லிலீற்றர். ஏற்கெனவே 0.9 லீற்றர் கூடிப்போன குழாய்களுக்குள், தம்பி சொல்வதுபோல் இரண்டு பையை ஏற்றினால், அந்த 600 மில்லிலீற்றரையும் 30 சதவீத வலுவுள்ள இதயமே தள்ளியாக வேண்டும். தள்ள முடியாதபோது அது நுரையீரலில் நீராகக் கட்டும். நான் இளம் வைத்தியனாக இருந்த காலத்தில், இதேபோன்ற ஓர் எண்ணைப் பார்த்தும், பிள்ளைகளின் கண்ணீரைப் பார்த்தும் ஒரு முதியவருக்கு இரத்தம் ஏற்றக் கையொப்பமிட்டேன். இரண்டாவது பை பாதி போவதற்குள் அவருக்கு மூச்சுத் திணறிவிட்டது. விடியும்வரை ஒட்சிசனும் ஊசியுமாக அவருடைய கட்டிலருகே நின்றோம். அவர் பிழைத்தார். முந்திய வார நிறை என்ன என்று நான் கேட்காமல் விட்டது என் பிழை. அதனால்தான் இந்த விடயத்தில் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதய நோயாளிக்கு இரத்தமே ஏற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹீமோகுளோபின் 7 அல்லது 8 அளவுக்கு இறங்கும்போதும், இரத்தப்போக்கு நடக்கும்போதும் ஏற்றத்தான் வேண்டும். அப்போதும் ஒரு பை ஒரு பையாக, மெதுவாக, தேவைப்பட்டால் இடையில் ஃபுரோஸமைட் ஊசியும் போட்டு ஏற்றுவார்கள். 10.3 அந்த நிலை அல்ல. தம்பி தானே இரத்தம் தருவதாகச் சொல்வது பாசம்; ஆனால் நெருங்கிய இரத்த உறவினரின் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றினால், அரிதாக, கொடுத்தவருடைய வெண்குழியங்கள் பெற்றவருடைய உடலைத் தாக்கும் ஆபத்தான நிலை வரக்கூடும். மகனுடைய இரத்தம்தான் அப்பாவுக்கு மிகப் பொருத்தம் என்ற நம்பிக்கை பிழையானது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா தெளிந்த அறிவோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எந்தச் சிகிச்சைக்கும் சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர்தான். விளக்கத்தைக் கேட்கும் உரிமையும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் முதலில் அவருக்கு உரியவை. கடிதம் முழுவதும் பெரியம்மாவும் தம்பியும் அயலவரும் பேசுகிறார்கள். இந்தச் சிகிச்சைகளைப் பற்றி அப்பா என்ன சொல்கிறார் என்பது மட்டும் அதில் இல்லை.

பெரியம்மாவின் கவலையையும் ஒதுக்கிவிட வேண்டாம். நீண்டகால இதயச் செயலிழப்பு, அதாவது உங்கள் அப்பாவுக்கு உள்ளதுபோல் இதயம் பலவீனமான நிலை, உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரும்புச்சத்துக் குறைபாடு இருக்கிறது. ஆகவே நீர் இறங்கி, நிறை 61 கிலோவுக்குத் திரும்பிய பின் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். அது 12 இற்கு மேல் ஏறினால், பெரும்பகுதி ஐதாக்கல்தான் என்று விளங்கிவிடும். ஏறாவிட்டால் உண்மையான குறைவு. எப்படியிருந்தாலும், உடம்பிலுள்ள இரும்பின் கையிருப்பைக் காட்டும் பெரிட்டின், இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்பெரின் நிறைவு வீதம் ஆகிய இரண்டையும் பார்க்கும்படி கேளுங்கள். இதய நோயாளியில் பெரிட்டின் 100 இற்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைபாடு என்று கொள்கிறோம். 100 இற்கும் 299 இற்கும் இடையில் இருந்து நிறைவு வீதம் 20 சதவீதத்துக்குக் குறைந்தாலும் அப்படியே. அந்த நிலையில் நாளத்தினூடாக ஏற்றும் இரும்பே பயன் தருகிறது. வாயால் எடுக்கும் இரும்பு இந்த நோயாளிகளின் உழைக்கும் திறனைக் கூட்டவில்லை என்பதை அமெரிக்காவில் நடந்து 2017 இல் வெளியான ஆய்வு காட்டியது. வயிறு ஊதி, குடல் வீங்கிய நிலையில் டொனிக் சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை.

டொனிக்கால் இன்னொரு தொல்லையும் உண்டு. இரும்பு மலத்தைக் கறுப்பாக்கும். அஸ்பிரினோடு டைக்ளோஃபெனாக்கும் எடுத்த ஒருவருக்கு இரைப்பையில் இரத்தம் கசியும் ஆபத்து உண்மையானது. கறுத்து ஒட்டும் மலமே அதன் முதல் அடையாளம். டொனிக் குடித்துக்கொண்டிருந்தால் அந்த அடையாளம் உங்களுக்குத் தெரியாமலே போகலாம். ஆகவே முடிவு வரும்வரை அதை நிறுத்தி வையுங்கள்.

நீர்க்குளிசையும் சிறுநீரகமும்

நீர் தேங்கி நாளங்களில் அழுத்தம் கூடும்போது சிறுநீரகத்திலிருந்து இரத்தம் வெளியேறவும் தடை ஏற்படுகிறது. வடிகால் அடைபட்ட வயலைப்போல அது மூச்சுத் திணறுகிறது. அந்த நிலையில் கிரியாற்றினின் ஏறியிருந்தால், நீரை இறக்குவதே சிறுநீரகத்துக்கு மருந்து. இப்படி நீர் தேங்கிய நெரிசல் தீர்ந்துகொண்டிருக்கும்போது கிரியாற்றினின் சிறிது ஏறினாலும், நோயாளி சுகமாகிக்கொண்டு வந்தால், வைத்தியர்கள் அதற்காகப் பதறிக் குளிசையை நிறுத்துவதில்லை. 1.5 என்ற எண்ணைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பொருள் சொல்ல, நிறையையும் கழுத்து நாளத்தையும் நுரையீரலையும் பரிசோதித்த ஒருவர் வேண்டும்.

கோயிலுக்கும் பஸ் பயணத்துக்கும் போகும் நாட்களில் அப்பா குளிசையை விட்டுவிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வழியில் சிறுநீர் கழிக்க இடமில்லாத அவஸ்தை எனக்குப் புரிகிறது. வாயால் எடுக்கும் ஃபுரோஸமைட் ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை தொடங்கி, ஆறு மணித்தியால அளவில் ஓய்ந்துவிடும். கோணேசர் கோயிலுக்குப் போய் மதியம் திரும்பும் நாளில், காலைக் குளிசையைத் திரும்பி வந்ததும் எடுக்கலாம். நேரத்தை மாற்றலாம், நாளைத் தவறவிடக் கூடாது. கிளினிக்கில் இதை ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லா நாளும் நீர் கூடிய நாள் அல்ல

இவ்வளவும் வாசித்துவிட்டு, நீர்க்குளிசையைக் கூட்டிக்கொண்டே போனால் நல்லது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அளவு தெரிந்த ஓர் அடையாளப் பொருளை நாளத்தில் செலுத்தி, அது எவ்வளவு ஐதாகிறது என்று பார்த்து மொத்த இரத்தக் கனவளவைக் கணிக்கும் முறை பழையது. 1915 இலேயே அமெரிக்க வைத்தியர்கள் சாயத்தைக்கொண்டு அதைச் செய்தார்கள். பிற்காலத்தில் கதிரியக்க அயடின்-131 சேர்த்த அல்புமின் புரதம் அந்தச் சாயத்தின் இடத்தைப் பிடித்தது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களை இப்படி அளந்தபோது, ஒரே மாதிரியான களைப்போடு வந்தவர்களில் சிலருக்குப் பிளாஸ்மா மிகக் கூடியும், சிலருக்குச் சரியாகவும், சிலருக்குக் குறைந்தும் இருந்தது. செங்குழியமும் அப்படியே: சிலருக்கு உண்மையிலேயே குறைவு, சிலருக்கு ஐதாக்கல் மட்டும், இன்னும் சிலருக்கு இயல்பைவிடக் கூடுதல். இந்த அளவீடு வழமையான கிளினிக் பரிசோதனை அல்ல. அதைத் தேடிக் கொழும்புக்கு அலையச் சொல்லமாட்டேன். ஒருவருக்குப் பொருந்திய குளிசை அளவு பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குப் பொருந்தாது என்பதற்கு அந்த ஆய்வுகளே சான்று.

திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களை நீங்கள் அறிவீர்கள். அந்த வெக்கையில் வியர்த்துக் கொட்டும்போதும், வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தாலும், அதே குளிசை அளவு உடம்பை வற்ற வைத்துவிடலாம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுதல், நாக்கு உலர்தல், சிறுநீர் மிகவும் குறைதல், நிறை வழமையைவிட இரண்டு கிலோ இறங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படியான நாளில் நீங்களாகக் குளிசையைக் குறைக்காமல், அன்றே வைத்தியரிடம் கேளுங்கள். சில குளிசைகளைச் சில நாளுக்கு நிறுத்தி வைக்கச் சொல்லக்கூடும்.

நிறை கூடாமலே மூச்சு முட்டுவதும் உண்டு. நம் இரத்தத்தின் பெரும்பகுதி நாளங்களிலேயே தங்கியிருக்கிறது. வயிற்றுப்பகுதி நாளங்கள் அதற்குப் பெரிய களஞ்சியம். பயம், வலி, காய்ச்சல் போன்றவற்றால் நரம்புகள் முடுக்கப்பட்டு அந்த நாளங்கள் இறுகினால், உடம்பில் ஒரு துளி நீர் கூடாமலே இரத்தம் வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு இடம் மாறிவிடும். தராசு சரியாக இருக்கிறதே என்று அந்த இரவில் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், சாப்பிடுமுன், ஒரே மாதிரியான உடுப்போடு நிறையைப் பார்த்து ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ கூடினால் வைத்தியரிடம் போக வேண்டும். நீர் தேங்காமல் சுகமாக இருக்கும்போது உள்ள நிறையை, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். இரவில் எந்த நேரத்தில் எந்த வைத்தியர் பார்த்தாலும் அந்த ஓர் எண் அவருக்கு வழி காட்டும். வைத்தியசாலையில் தங்கி வீடு திரும்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டையும் அதோடு பத்திரமாக வையுங்கள்.

உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், என்ற எல்லைக்குள் இருக்க வேண்டும். நம் ஊர்ச் சமையலில் அந்த எல்லையைத் தாண்ட வைப்பது கறிக்குப் போடும் உப்பைவிட நெத்தலிக் கருவாடும் மாசியும் ஊறுகாயும் அப்பளமும்தான். கருவாடில்லாமல் சோறு இறங்காது என்று அப்பா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பசுமீன் குழம்பில் கொறுக்காய்ப்புளியையும் மிளகையும் சற்றுக் கூட்டி, உப்பைக் குறைத்துப் பாருங்கள். உப்புக்குப் பதிலாகக் கடையில் விற்கும் பொட்டாசிய உப்பு வேண்டாம். ஸ்பைரோனோலக்டோன் எடுப்பவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும். இளநீரும் அதே காரணத்தால் தினமும் கொடுக்கக்கூடியதல்ல.

தண்ணீர் குடித்துச் சிறுநீரகத்தைக் கழுவலாம் என்று அயலவர் சொன்னது இந்த நோய்க்குப் பொருந்தாது. அதற்காகத் தாகத்தோடு வதைக்கவும் வேண்டாம். நோய் கடுமையாக இருக்கும் காலத்தில் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் என்று கட்டுப்படுத்துவோம். நிலையாக இருப்பவர்களை ஒன்றரை லீற்றருக்குள் இறுக்குவதால் பெரிய நன்மை தெரியவில்லை என்பதை 2025 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியிருக்கிறது. அப்பாவுக்கான அளவை இப்போதைய நெரிசல் தீர்ந்த பின் அவருடைய வைத்தியரே சொல்லட்டும்.

தூக்கத்திலிருந்து மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாலோ, இளஞ்சிவப்பு நுரையோடு இருமினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயங்கினாலோ, கறுத்து ஒட்டும் மலம் போனாலோ 1990 ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை அவரைப் படுக்க வைக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து, கால்களைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள்.

தம்பியிடம் இந்தக் கணக்கை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்; தூரத்தில் இருப்பதால்தான் அவருக்கு இவ்வளவு பதற்றம். அப்பாவுக்காக ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று அவர் நின்றால், நல்லதொரு டிஜிற்றல் தராசு வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலையும் அதில் தெரியும் எண்ணை அப்பாவே தொலைபேசியில் அவருக்குச் சொல்லட்டும்.